பஞ்சர் கடையும் பவணந்தியாரும்: ஆங்கில எழுத்துப்பிழை குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

கேட்டது எழுதலும் எழுதிய துணர்தலும்
நாட்டார் இயல்பே, நகைத்தல் வழுவே.

என்பது சூத்திரம். இஃது என் நுதலிற்றோ எனின், தமிழ்நாட்டில் ஆங்கிலச் சொற்கள் எழுதப்படும் முறையையும், படிப்பவர் அவற்றிலிருந்து எழுதியவர் கருதிய சொல்லைக் கண்டுகொள்ளும் முறையையும் உணர்த்துதல் நுதலிற்று. சூத்திரம் செய்தவரும் உரை எழுதுபவரும் ஒருவரே. இதில் ஒரு வசதி உண்டு. மூல ஆசிரியர் கருத்து உரையாசிரியருக்குப் புரியவில்லை என்கிற பழைய தகராறுக்கு இங்கே இடமில்லை. வேறோர் உரையாசிரியர் கிளம்பி வந்து மறுக்கும் வரை இதுவே மெய்யுரை.

ஆய்வுக் களம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். எந்த ஊரானாலும் பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்தினால் போதும். லேடீஸ் டெய்லர் பலகை, டியூஷன் சென்டர் பலகை, சைக்கிள் ஸ்டாண்டு பலகை, வீடு வாடகைக்கு என்று ஆங்கிலத்தில் எழுதி இரும்புக் கேட்டில் கம்பியால் கட்டிய தகரம், எல்லாமே மூலச் சுவடிகள்தாம். ஓலைச்சுவடிகளுக்காக உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குத் தேவையில்லை. இந்தச் சுவடிகள் ஃப்ளெக்ஸில் இருக்கின்றன, கறையான் அரிக்காது, இருட்டிய பிறகு படிக்க டியூப்லைட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இத்துறையில் இதுவரை உழைத்தவர்கள் பெரும்பாலும் பலகையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டுச் சிரித்தவர்கள். சிரிப்பு ஆய்வுமுறை ஆகாது. ஒரு பிழை ஓரிடத்தில் ஒருமுறை நேர்ந்தால் அது கைத்தவறு. மதுரையிலும் மாயவரத்திலும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்திராத இரண்டு பெயின்டர்கள் ஒரே சொல்லில் ஒரே எழுத்தை ஒரே மாதிரி மாற்றிப் போட்டால், அதற்குப் பின்னால் விதி ஒன்று இருந்தாக வேண்டும். விதி இருந்தால் இலக்கணம் இருந்தாக வேண்டும். அந்த இலக்கணம் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது, எழுதியவர் நன்னூல் தந்த பவணந்தி முனிவர் என்பது இக்கட்டுரையின் துணிபு. அவருக்கு ஆங்கிலம் தெரியாதே என்று ஆட்சேபம் எழலாம். அந்த விஷயத்தில் அவரும் பெயின்டரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதால் ஆட்சேபம் தள்ளுபடி.

குறியீட்டு விளக்கம்

இவ்வாய்வு முழுவதும் தமிழ் எழுத்திலேயே நடக்கும். ஆய்வுப் பொருளையே ஆய்வுக் கருவியாக்கினால் முடிவு கெட்டுப்போகும் என்பது ஒரு காரணம். ஆங்கில எழுத்தில் எழுதினால் கட்டுரையிலும் பிழை வரும், அதையும் யாராவது படம் எடுப்பார்கள் என்பது உண்மைக் காரணம்.

ஆனால் ஒரு சிக்கல். ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'டி'. இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் இரண்டுமே 'பி'. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுத் தம் இனிஷியலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட நம் மக்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: டி ஃபார் டெல்லி, டி ஃபார் டைகர், பி ஃபார் பாம்பே, பி ஃபார் பாண்டிச்சேரி. அந்த மரபையே இங்கும் கொள்கிறோம். இனி டெல்லி-டி, டைகர்-டி, பாம்பே-பி, பாண்டி-பி என்றே வரும். பம்பாய் 1995-இல் மும்பை ஆகிவிட்டதே என்பவர்களுக்கு: அரசிதழில் ஆனது, தொலைபேசியில் இன்னும் ஆகவில்லை.

விகாரம் மூன்றும், ஒன்றும்

வாழையும் பழமும் சேரும்போது நடுவில் ஒரு 'ப்' வந்து உட்கார்ந்துகொள்கிறது: வாழைப்பழம். இது தோன்றல். பல்லும் பொடியும் சேர்ந்தால் 'ல்' போய் 'ற்' ஆகிறது: பற்பொடி. இது திரிதல். மரமும் வேரும் சேர்ந்தால் 'ம்' காணாமல் போகிறது: மரவேர். இது கெடுதல். விகாரப் புணர்ச்சி என்ற தலைப்பில் இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, பரீட்சை மண்டபத்தின் வாசலிலேயே மறந்தவர்கள் நாம்.

1965-இல் விளாதிமிர் லெவென்ஷ்டெய்ன் என்ற சோவியத் கணித அறிஞர், ஓர் எழுத்துத் தொடரை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைப் புகுத்த வேண்டும், எத்தனையை மாற்ற வேண்டும், எத்தனையை நீக்க வேண்டும் என்று எண்ணினார். மிகக் குறைந்த எண்ணிக்கை எதுவோ அதுவே இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் என்றார். இன்று நம் கைபேசியில் சொல்லுக்கு அடியில் சிவப்பு அலைக்கோடு போட்டுவிட்டு 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று கேட்கிற பல நிரல்களில் இந்தத் தூரக்கணக்கு ஏதோ ஒரு வடிவில் ஓடுகிறது. புகுத்தல், மாற்றல், நீக்கல். தோன்றல், திரிதல், கெடுதல். லெவென்ஷ்டெய்ன் நன்னூல் படித்திருந்தார் என்று நாம் சொல்லவில்லை. படிக்கவில்லை என்று அவரும் எங்கும் சொல்லவில்லை.

அதற்கு ஓராண்டு முன்பே, 1964-இல், ஐபிஎம்மில் இருந்த ஃபிரெட் டமெராவ் எழுத்துப்பிழைகளை அலசிவிட்டு, அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் நான்கே வகைக்குள் அடங்கும் என்று எழுதினார். மேற்படி மூன்றும், நான்காவதாக அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறிக்கொள்வதும். இதையும் நாம் விட்டுவிடவில்லை. தசை சதையாவதையும் விசிறி சிவிறியாவதையும் எழுத்து நிலைமாற்றம் என்று பெயரிட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

இனி எடுத்துக்காட்டு. வாடகை வீட்டுத் தகரத்தில் 'டு லெட்' என்று இருக்கிறது. நடுவில் ஓர் 'ஐ' தோன்றினால் அது கழிப்பறை ஆகிவிடும். இந்த 'ஐ' பெரும்பாலும் எழுதியவர் கைவரிசையன்று. பள்ளி விட்டு வருகிற பையன்கள் கரித்துண்டால் செய்கிற தோன்றல். அடுத்த தெருவில் டியூஷன் சென்டர். அங்கே பலகையில் இருக்க வேண்டிய முதல் 'ஐ' இல்லை. காதில் விழாத எழுத்துக்குப் பலகையில் இடம் கிடையாது என்பதால் கெட்டது. ஒரு தெருவில் கெட்ட 'ஐ'யே மறு தெருவில் தோன்றியது எனக் கொண்டால், ஒரு வட்டாரத்திலுள்ள 'ஐ'க்களின் மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை என்ற எழுத்து அழியாமை விதி கிடைக்கிறது. இது இவ்வாய்வின் தனிக் கண்டுபிடிப்பு. காப்புரிமை கோரும் எண்ணமில்லை.

கெடுதலால் வரும் கெடுதலுக்கு நம் ஊர்ச் சான்று போதாது; லண்டனுக்குப் போக வேண்டும். 1631-இல் அங்கே ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூக்காஸும் அச்சிட்ட விவிலியத்தில், பத்துக் கட்டளைகளில் ஒன்றிலிருந்து 'கூடாது' என்ற பொருளைத் தரும் ஒரே ஒரு சிறு சொல் விடுபட்டுப்போனது. பிறன்மனை நயக்காதே என்றிருந்த கட்டளை நயப்பாயாக என்றாயிற்று. அரசர் முதலாம் சார்லஸ் காலத்தில் இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 300 பவுண்டு அபராதம். பிரதிகளைத் தேடிப் பிடித்து அழித்தார்கள். தப்பியவை இன்று ஏலத்தில் பெரும் விலை போகின்றன. சரியாக அச்சிட்ட பிரதிகளை யார் சீந்துகிறார்கள்?

திரிதலுக்கு டெய்லர் கடை ஒன்று போதும். அங்கே கடைசி உயிரெழுத்து 'ஓ'வாக இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ' இருக்கும். ஜாக்கெட் அளவு மாறாத வரை யாரும் கேட்பதில்லை. நிலைமாற்றத்துக்குப் பால் வியாபாரம். பால்பண்ணையைக் குறிக்கும் சொல்லில் 'ஏ'வும் 'ஐ'யும் இடம் மாறினால் நாட்குறிப்பு. நாட்குறிப்பு விற்கும் இடத்தில் எருமை நிற்பதைக் கண்டு இதுவரை எவரும் திகைத்ததாகத் தெரியவில்லை.

காது செய்யும் வேலை

எழுத்து ஏன் திரிகிறது? தமிழ் நெடுங்கணக்கில் ககரம் ஒன்று, சகரம் ஒன்று, டகரம் ஒன்று, பகரம் ஒன்று. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வேறு ஒலி, மெல்லினத்துக்குப் பின்னால் வரும் 'ப' வேறு ஒலி, எழுத்து ஒன்றுதான். இடம் பார்த்து வாய் தானே மாற்றிக்கொள்கிறது. இந்தக் காதோடு வளர்ந்தவரிடம் போய், இந்தச் சொல்லுக்குப் பாம்பே-பியா பாண்டி-பியா என்று கேட்டால், 'எந்தப் பியா இருந்தா என்னங்க?' என்பார். அதனால்தான் ஒரே சாலையில் மூன்று கடைகளில் பரோட்டா மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றிலும் ஊற்றுவது ஒரே சால்னா.

இதை அமெரிக்கர்களும் ஒருவாறு கண்டுகொண்டார்கள். 1918-இல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல், பெயர்களை எழுத்துப்படி அல்லாமல் ஒலிப்படி அடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்தது சவுண்டெக்ஸ். அமெரிக்கக் குடிக்கணக்குப் பதிவேடுகளில் பெயர் தேட இதைப் பயன்படுத்தினார்கள். அதன்படி பாம்பே-பிக்கும் பாண்டி-பிக்கும் ஒரே எண், 1. டெல்லி-டிக்கும் டைகர்-டிக்கும் ஒரே எண், 3. எம்முக்கும் என்னுக்கும் 5. சி, ஜி, ஜே, கே, எஸ் எல்லாம் ஒரே கொட்டகையில், எண் 2. உயிரெழுத்துகளுக்கு எண்ணே கிடையாது. நம் பெயின்டர்கள் காலங்காலமாகக் கடைப்பிடிக்கும் சமத்துவத்துக்கு அங்கே காப்புரிமை எண்ணும் கிடைத்துவிட்டது.

ஒரு குறை மட்டும் உண்டு. சவுண்டெக்ஸில் முதலெழுத்துக்கு விலக்கு. அதை அப்படியே வைத்துவிட்டு மீதிக்குத்தான் எண் போடுவார்கள். ஆகவே பாண்டி-பியில் தொடங்கும் பரோட்டாவின் முகவரி பி-630. பாம்பே-பியில் தொடங்குவதும் பி-630 தான், ஆனால் வேறு பி. ஒரே கல்லில் வெந்த பரோட்டாக்கள் இரண்டு அலமாரியில். ரஸ்ஸல் ஒருமுறை விருதுநகர் வந்து போயிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திராது.

மெய்ச்சொற்பிழை

இதுவரை பார்த்தவற்றில் பல, அகராதியில் இல்லாத சொற்கள். அவற்றைப் பிடிப்பது சுலபம். பிழையாக எழுதியதும் ஒரு முழுச் சொல்லாக அமைந்துவிட்டால்தான் தலைவலி. அகராதி அதைப் பார்த்துத் தலையாட்டும். சிவப்புக் கோடு விழாது.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு புளியமரம். கிளையில் பழைய டயர் ஒன்று தொங்குகிறது. கீழே பாதி வெட்டிய டிரம்மில் அழுக்குத் தண்ணீர், அதில் டியூபை அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், பக்கத்தில் ஏர் கம்ப்ரஸர். மரத்தில் ஆணியடித்த தகரத்தில் ஆங்கிலத்தில் 'பஞ்சர்' என்று எழுதியிருக்கிறது. நாம் சொல்கிறபடியே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வடிவத்துக்கு ஆங்கில அகராதியில் தனிப் பொருள் இருக்கிறது: குத்துபவர். துளை விழுந்த டயரோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர், 'இங்கே குத்துபவர் உள்ளார்' என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு ஓட்டம் பிடிக்க வேண்டும். ஆனால் நிம்மதியாக ஸ்டாண்டு போட்டு நிறுத்துகிறார். அவர் படித்தது தகரத்தை அல்ல, டயரை. பலகை எழுதத் தெரியாதவர் காலத்திலும் டயர் தொங்கிற்று. டயருக்கு எழுத்துப்பிழை வராது.

நோட்டுப் புத்தகக் கடைக்கும் இதே கதை. எட்டாம் எழுத்தாக 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டால் 'நகராமல் நிற்பது' என்று பொருள். கடை நகராமல் நிற்பது உண்மைதானே என்று விட்டுவிடலாம். வரலாறும் பெயின்டர் பக்கமே பேசுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் பல்கலைக்கழக வாசலில் ஊர் ஊராகத் திரியாமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை, நிலையாக இருப்பவர் என்ற பொருளில்தான் அழைத்தார்கள். இரண்டு சொல்லும் அந்த ஒரே வேரிலிருந்து வந்தவை. பெயின்டர் பிழை செய்யவில்லை, வேர்ச்சொல்லாய்வு செய்திருக்கிறார்.

இப்போது கணினிக்காரர்கள் கருதிய சொல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்ப்போம். 1990-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கெர்னிகன், சர்ச், கேல் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு பிழைச்சொல் வருகிறது: ஏ-சி-ஆர்-ஈ-எஸ்-எஸ். அகராதியில் இல்லாதது. ஓர் எழுத்துத் தூரத்தில் இதற்கு எத்தனை உறவுகள் என்று பாருங்கள். நடுவில் ஒரு டைகர்-டி தோன்றினால் நடிகை. கடைசி எழுத்து கெட்டால் ஏக்கர்கள். முதலெழுத்து கெட்டால் ஒரு வகைக் கீரை. 'ஈ' திரிந்து 'ஓ' ஆனால் குறுக்கே. 'ஆர்' திரிந்து 'சி' ஆனால் நுழைவுரிமை. முதலிரண்டு எழுத்தும் நிலை மாறினால் செல்லமாக வருடுதல். ஒரே சொல்லில் பவணந்தியார் விதி முழுவதும் இறங்கிவிட்டது.

2007-இல் பீட்டர் நார்விக் விமானப் பயணத்தில் உட்கார்ந்து 21 வரியில் ஒரு திருத்தும் நிரல் எழுதினார். ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ணி, 54-ஆல் பெருக்கி, 25 கூட்டினால், ஓர் அடி தூரத்திலுள்ள உருக்களின் எண்ணிக்கை வரும் என்பது அவர் கணக்கு. திரும்ப வருவனவும் இதில் சேர்த்தி. ஆறெழுத்துச் சொல்லுக்கு 349. அதில் அகராதியில் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றுள் எது மக்கள் எழுத்தில் அதிகம் புழங்குகிறதோ அதைத் தருகிறது நிரல். பெல் ஆய்வகத்தார் இதோடு இன்னொன்றையும் பார்த்தார்கள்: இந்தக் கைக்கு எந்தத் தவறு அடிக்கடி வரும்? இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வழி. அவர் இறந்த பிறகு 1763-இல் வெளியானது.

நம் ஊரில் இவ்வளவு பெருக்கல் தேவையில்லை. அந்தப் பிழைச்சொல் சினிமாப் பத்திரிகையில் வந்தால் நடிகை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வந்தால் ஏக்கர். நடிகை ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலம் வாங்கிய செய்தியில் இரண்டு முறை வந்தால், முதலில் வருவது நடிகை, பின்னால் வருவது ஏக்கர். டீக்கடையில் பேப்பர் படிப்பவர் இதைக் கண்ணை எடுக்காமல் செய்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்.

இயந்திரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் குப்பர்ட்டினோ சாட்சி. 'ஒத்துழைப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல் சில பழைய நிரல்களின் அகராதியில் நடுக்கோடு போட்ட வடிவில் மட்டும் இருந்தது. கோடு இல்லாமல் எழுதினால் தவறு என்று கருதி, தனக்குத் தெரிந்த பக்கத்துச் சொல்லை நீட்டியது நிரல்: குப்பர்ட்டினோ. அது கலிஃபோர்னியாவில் ஓர் ஊர். ஆப்பிள் நிறுவனம் இருக்கும் இடம். அவசரத்தில் 'சரி'யை அழுத்தியவர்களால் ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. ஆவணங்களில் நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு மலர வேண்டிய இடங்களில் குப்பர்ட்டினோ மலர்ந்தது. ஒன்றிய மொழிபெயர்ப்பாளர்கள் இந்த நோய்க்கே குப்பர்ட்டினோ விளைவு என்று பெயர் வைத்தார்கள். நம் பெயின்டர் 'ஒத்துழைப்பு' என்பதை எப்படித்தான் எழுதினாலும் அது கலிஃபோர்னியா வரை போயிருக்காது.

ஆட்சேபமும் விடையும்

ஈண்டு ஒருவர் எழுந்து, ஆங்கிலத்துக்கென்று ஒரு சரியான எழுத்துமுறை இருக்கிறதே, அதைக் கற்றுக்கொண்டு எழுதினால் என்ன என்று வினவலாம். வினவட்டும். 'கடன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் பாம்பே-பி பழைய ஆங்கிலேயர் எழுதியதன்று. 16ஆம் நூற்றாண்டுப் பண்டிதர்கள், மூலமான லத்தீனில் அந்த ஒலி இருக்கிறது என்று பாசத்தோடு கொண்டுவந்து செருகியது. 'தீவு' என்பதன் 'எஸ்' அதைவிட மோசம். அந்தச் சொல் லத்தீனிலிருந்து வரவே இல்லை. வந்ததாக நினைத்துக்கொண்டு செருகினார்கள். ஆக, படித்தவர் செய்தால் மரபு, பெயின்டர் செய்தால் பிழை. நோவா வெப்ஸ்டர் தம் அகராதியில் 'வண்ணம்' என்பதன் 'யு'வை ஒரே வீச்சில் கெடுத்தார். அமெரிக்கா முழுவதும் இன்றைக்கும் அப்படியே எழுதுகிறது. டியூஷன் சென்டர்காரர் செய்ததும் அதே காரியம்தான். அவரிடம் அகராதி அச்சிடக் காசில்லை.

நம் அரசும் ஒருமுறை இறங்கிப் பார்த்தது. 2020-இல் 1,018 ஊர்களின் பெயரைத் தமிழில் ஒலிப்பது போலவே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்று ஆணை வந்தது. கோயம்புத்தூருக்கு வெள்ளைக்காரர் கொடுத்த 10 எழுத்து 14 ஆயிற்று. தகர ஒலிக்காக டைகர்-டியும் 'எச்'சும் கைகோத்து இரண்டு ஜோடியாக வந்தன. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் உச்சரிப்பை எழுத்தில் பிடிக்கப் போனால் ஆளுக்கு ஒரு பிடி என்பதை ஊர் முழுக்க ஒரே நாளில் கண்டுகொண்டது. வேலூருக்கு வாய்த்த வடிவத்தை வைத்துக் கேலி செய்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த மாதம் ஓடிய பேருந்துகளும் வழக்கமான ஊர்களுக்கே போய்ச் சேர்ந்தன.

இன்னொரு பக்கம் அமெரிக்கா வாழ் இந்தியப் பிள்ளைகள். 1985-இல் பாலு நடராஜன் என்ற சிறுவர் அங்குள்ள தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் வென்ற முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். வென்ற சொல் 'மிலியூ'. அதன்பின் அந்தக் கோப்பை அடிக்கடி நம்மவர் வீட்டு ஷோகேஸுக்கே வருகிறது. போட்டியின் விதி ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சொல்லைக் காதால் கேட்ட பிள்ளை உடனே எழுத்துகளைச் சொல்ல வேண்டியதில்லை. இதன் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது, வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள் என்று கேட்க உரிமை உண்டு. ஏணி மேல் ஒரு கையில் பிரஷ், மறு கையில் டப்பா, கீழே நின்று 'சீக்கிரம் எழுதுப்பா' என்று அவசரப்படுத்தும் முதலாளி என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த மூன்று கேள்விக்கும் அனுமதி கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

விடுப்பு விண்ணப்பம்: ஒரு தனியாய்வு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் மிக அதிகமாக எழுதப்படும் இலக்கியம் லீவ் லெட்டர். அமைப்பு மாறாது: அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, 'நான் காய்ச்சலால் அவதிப்படுவதால்', 'இரண்டு நாள் விடுப்பு வழங்கும்படி', 'நன்றி', கீழ்ப்படிதலுள்ள மாணவன். இதில் இரண்டு சொற்களே நம் கவனத்துக்குரியவை.

முதலாவது காய்ச்சல். நடுவில் 'வி' வர வேண்டும். தமிழில் வகரம் ஒன்றே. ஆங்கிலத்தில் 'வி' ஒன்று, 'டபிள்யூ' ஒன்று. பையன் அகலமானதைத் தேர்ந்தெடுக்கிறான். காய்ச்சல் 'குறைவானவர்கள்' ஆகிறது. இரண்டாவது, வழங்குதல். அதன் கடைசி எழுத்து டைகர்-டி. ஆனால் தமிழ் வாயில் 'ண்ட்' என்று வரும்போது டகரம் கனிந்துவிடும்; கிண்டல், வண்டி, நண்டு எல்லாம் அப்படித்தான். ஆகவே டெல்லி-டி. வழங்குதல் 'மகத்தானது' ஆகிறது. தமிழில் எழுதினால் இரண்டுமே கிராண்ட்தான். சவுண்டெக்ஸில் போட்டாலும் இரண்டும் ஒரே ஜி-653. இப்போது கடிதத்தின் நேர்ப்பொருள்: 'நான் குறைவானவர்களால் அவதிப்படுவதால், இரண்டு நாள் விடுப்பை மகத்தாக்கி அருள்க.' அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு சரிபார்க்கும் நிரல் இதில் ஒரு கோடும் போடாது. எல்லாம் உயர்குடி ஆங்கிலச் சொற்கள். மொத்தத் தூரம் 2.

மதுரைப் பக்கத்துப் பள்ளியொன்றில், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்து மூன்றாம் நாள், இப்படி ஒரு கடிதம் தலைமையாசிரியர் மேசைக்கு வருவதாகக் கொள்வோம். அவர் 349-ஐயும் பேய்ஸையும் நாடவில்லை. 'குறைவானவர்கள்' என்பதைக் காய்ச்சலாகவும் 'மகத்தானது' என்பதை வழங்குதலாகவும் படித்தது அவருக்கு ஒரு வேலையே இல்லை. இருபது வருடமாக எல்லாப் பையன்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் தேடியது அடுத்த சொல்லை. கடிதத்தில் தேதியைப் பார்த்தார். பையனின் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். காய்ச்சல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து ஜல்லிக்கட்டு என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எட்டிப்பிடிக்க லெவென்ஷ்டெய்ன் கணக்கில் 10 அடி. இரண்டுக்கும் பொதுவாக ஓரெழுத்துக்கூடக் கிடையாது. எந்த நிரலும் அவ்வளவு தூரம் போகாது.

"ஏன்டா, அலங்காநல்லூர்ல உங்க மாமா மாடு நின்னு வெளாண்டுச்சா, இல்ல ஓடிருச்சா?"

"நின்னுச்சு சார், ஒருத்தனும் திமில்ல கைய வைக்க முடியல."

தலைமையாசிரியர் சிவப்பு மையால் டபிள்யூவை அடித்து வி ஆக்கினார். டெல்லி-டியை அடித்து டைகர்-டி ஆக்கினார். கீழே கையெழுத்துப் போட்டார்.